நிறுத்தி வைத்த பாட்டில்

ரேகுவா என்ற ஆற்றங்கரை ஊரில் ஒலிந்தா வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் போகிற துணிச்சல் யாருக்கும் கிடையாது. போனால் கதவைப் பாதி திறந்து, அந்த இடுக்கில் நின்றபடியே கேட்பாள்: "ஏன், ஊர்ல இருக்கற போனெல்லாம் செத்துப்போச்சா?" பாதிரியாருக்கும் இதே கேள்விதான். பங்குக்குப் புதிதாக வந்த வருஷம், விவரம் தெரியாமல் போய் அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு ஈஸ்டருக்கு வீடு மந்திரிக்கப் போவதானாலும் ஆள் விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

கெட்டவள் இல்லை. தபாலாபீஸில் தொலைபேசிப் பலகையின் முன்னால் உட்கார்ந்து, வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை ஊராரின் குரலை ஊராருக்குக் கோத்துக் கொடுத்தவள். யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எந்த ரயிலில் வருகிறார்கள் என்பதெல்லாம் அவள் காது வழியாகத்தான் போகும். முன்னால் சொல்லி அனுப்புவது அவளுக்கு மரியாதை மட்டுமல்ல, கிட்டத்தட்ட வேதம். இன்னொரு வேதமும் அவளுக்கு இருந்தது. அது வீட்டுக்குக் கீழே, நிலவறையில் படுத்துக் கிடந்தது.

அவளுடைய அப்பா ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் காவல்காரர். நல்ல ஒயின் விளைந்த வருஷங்களில் முதலாளி அவருக்கு ஒரு பெட்டி கொடுத்துவிடுவார். எல்லா வருஷமும் அந்தப் பேறு வாய்க்காது. பத்தில் இரண்டோ மூன்றோ வருஷந்தான், அந்த வருஷத்தையே பாட்டிலில் பொறிக்கும் யோக்கியதை உள்ள போர்ட் ஒயின் விளையும். ஊரில் அதற்கு வருஷ ஒயின் என்றே பேர். மற்ற போர்ட்டெல்லாம் பீப்பாயில் கிடந்து பழுத்து, வாங்கின அன்றே குடிக்கிற மாதிரி வரும். வருஷ ஒயின் அப்படியில்லை. இரண்டு குளிர்காலம் முடிந்ததும் கறுப்புக் கண்ணாடியில் அடைத்து, வாய்க்கு மெழுகு வைத்து, இருட்டில் படுக்கப் போட்டுவிட வேண்டும். மேல்பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு இழுப்பார்கள். எப்போதாவது இடம் மாற்ற நேர்ந்தாலும் அந்தக் கோடு வானத்தைப் பார்த்தே இருக்கவேண்டும். ஏனென்றால் உள்ளே மண்டி இறங்கி, அடிப்பக்கத்தில் ஏடாகப் படிந்துகொண்டிருக்கும். அதை அசைத்தால் எல்லாம் கலங்கிவிடும்.

குடிக்கவேண்டும் என்றால் நினைத்தவுடன் முடியாது. முந்தின நாளே பாட்டிலை எடுத்து நிறுத்தி வைக்கவேண்டும். மண்டி மெல்ல வழுகிக் கீழே போய் உட்காரும். மறுநாள் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, கை நடுங்காமல் குடுவையில் ஊற்றவேண்டும். தோளருகே முதல் கறுப்பு இழை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். "மண்டி விழுந்த கிளாஸை விருந்தாளி முன்னால வெக்கறதும், பாவாடை நாடா தொங்கப் பூசைக்குப் போறதும் ஒண்ணு" என்பாள் ஒலிந்தா.

அவள் சிறு பெண்ணாக இருந்தபோது திராட்சை மிதிக்கிற கல்தொட்டிப் பக்கம் பெண்களை விடமாட்டார்கள். பெண் காலடி பட்டால் ரசம் கெட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. பறிப்பது பெண்கள், சுமந்து வருவது பெண்கள், கழுவித் துடைப்பது பெண்கள். மிதிக்கப் போகும்போது மட்டும் காலில் தோஷம் வந்துவிடும். ஒலிந்தா அப்பாவிடம் சண்டை போட்டாள். "மிதிக்கத்தானே கூடாது? காவல் காக்கலாம் இல்ல?" என்று கேட்டு, நிலவறைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து அது அவள் ராஜ்யம். சம்பளம் வர ஆரம்பித்ததும் தன் காசிலேயே வாங்கிச் சேர்த்தாள். ஐம்பத்தைந்து, அறுபத்துமூன்று, எழுபது என்று தட்டுத் தட்டாக அடுக்கினாள். மற்றப் பெண்கள் காதுக்குத் தங்கம் வாங்கினார்கள், இவள் பாட்டில் வாங்கினாள்.

ஒரு தடவை வில ரெயால் என்ற ஊரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பெண் கேட்டு வந்தார். நல்ல மனிதர், நல்ல சட்டை. நிலவறையைப் பார்க்க இறங்கினவர், எட்டி ஒரு பாட்டிலைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார். அவ்வளவுதான், சம்பந்தம் அங்கேயே முடிந்தது. "அந்தக் கையோட எப்படி வாழறது?" என்று பிற்பாடு கேட்டவர்களிடம் சொன்னாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வாத்தியார் வேறிடத்தில் கட்டிக்கொண்டார். ஒலிந்தாவைக் கேட்டு அப்புறம் யாரும் வரவில்லை.

எதிர் வீட்டில் காப்பிக்கடை வைத்திருந்த செவெரினோதான் அவளுக்குப் பூதம் என்று பட்டப்பேர் வைத்தவன்.

"புதையலைப் பூதம் காத்த மாதிரி உக்காந்திருக்கியே ஒலிந்தா, எப்பத்தான் அதைக் குடிக்கப்போற?"

"காலம் வரட்டும்யா."

"யாரோட காலம்? உன் காலமா, அதோட காலமா?"

"நீ காப்பியைப் பாரு. பொங்குது."

அப்படி அவள் காத்ததில் உயிருக்கு உயிரானது நாற்பத்தைந்தாம் வருஷத்துப் பெட்டி. அது அவளுடையது அல்ல. தம்பி அபீலியோவுடையது.

அறுவடை நடந்துகொண்டிருந்தபோதுதான் அபீலியோ பிறந்தான். அந்த வருஷம் கொடியில் பழம் கொஞ்சம், ஆனால் அப்படியொரு ஒயினை ஊர் பார்த்ததில்லை. அப்பா ஒரு பெட்டியை அப்படியே பிள்ளை பேருக்கு ஒதுக்கிவிட்டார். பையனுக்கு இருபத்தொன்று ஆகும்போது முதல் பாட்டில், கல்யாணத்துக்கு அடுத்தது, அவன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு இன்னொன்று என்று விரல் மடக்கிச் சொல்லுவார். ஒலிந்தா பிறந்த வருஷத்துக்குப் பாட்டிலே கிடையாது. "உன் வருஷம் பேர் வாங்கலம்மா" என்பார் அப்பா. அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. அம்மா திராட்சை பறிக்கப் போனாள் என்றால் தம்பி அக்கா இடுப்பில்தான். அவனுக்கு உள்ளது தனக்கும் உள்ளது என்றுதான் நினைத்திருந்தாள்.

இருபத்தொன்று வருவதற்குள் அபீலியோ ஊரை விட்டுப் போய்விட்டான். ஆப்பிரிக்காவில் போர் நடந்துகொண்டிருந்தது. வயது வந்த பையன்களையெல்லாம் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லமேகுவில் மாதா திருவிழாவுக்குப் போய்வருகிறேன் என்று நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினவன், மலை தாண்டி, ஸ்பெயின் தாண்டி, பிரான்ஸில் போய் நின்றான். ஒரு வாரமாக வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. பிறகு ஒரு நாள் ஒலிந்தா பலகையின் முன்னால் இருக்கும்போது வெளிநாட்டு அழைப்பு ஒன்று வந்தது. ரேகுவா, செவெரினோவின் காப்பிக்கடை எண் வேண்டும் என்றது ஒரு குரல்.

"டேய், அபீலியோவா?"

"அக்கா, நான்தான். அப்பாவைக் கூப்பிடச் சொல்லு. காசு ஓடுது."

அவள் இணைப்பைக் கொடுத்தாள். அப்பா ஓடி வந்து அழுததையும் அவன் அழுததையும் காதில் கருவியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊருக்குச் சொல்லியா இருப்பாள்? வளர்த்தவளிடமே திருவிழா என்று பொய் சொல்லிவிட்டுப் போனானே என்ற முள் அவளுக்குள் ஏறியது. அதை அவள் பிடுங்கவே இல்லை. சொல்லாமல் வருகிறவர்கள் மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கெல்லாம் ஊற்று, சொல்லாமல் போன அந்த ஒருவன்தான்.

அப்பா அவனைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். பிறகு ஆட்சி கவிழ்ந்தது, ஓடிப்போனவர்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது. அபீலியோ வருஷாவருஷம் ஆகஸ்டில் வர ஆரம்பித்தான். பிரான்ஸில் லியோன் நகரத்தில் கட்டட வேலை. கூடவே பெண்டாட்டி, ஒரே மகள், கார் கூரைமேல் கட்டின மூட்டைகள். வந்த அன்றே கேட்பான்.

"அக்கா, என் பாட்டிலைத் திறக்கலாமா?"

"ஆகஸ்ட்லயா? நம்ம ஊர்ல ஒம்போது மாசம் குளிரு, மூணு மாசம் நரகம். நரகத்துல உக்காந்து யாராவது போர்ட் குடிப்பாங்களாடா? கிறிஸ்துமஸுக்கு வா."

"கிறிஸ்துமஸுக்கு எங்க லீவு விடறான்?"

"அப்ப நானும் பாட்டிலை விடமாட்டேன்."

விளையாட்டாகத்தான் சொல்லுவாள். அவனும் சிரித்துக்கொண்டே பீப்பாய் ஒயினைக் குடித்துவிட்டுப் போவான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று செவெரினோ இடித்துக் காட்டினால், இந்த ஒயின் கஞ்சி இல்லையென்று அவள் பதில் சொல்லுவாள். அது உண்மைதான். பாட்டிலுக்குள் இருந்தது ஆற ஆறத்தான் நன்றாகிக்கொண்டிருந்தது. வெளியே இருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

அபீலியோவுக்கு நாற்பத்தெட்டு வயது நடந்த வருஷம், நவம்பர் மாதம், மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள். ஊர் முழுக்கச் சுட்ட கஷ்கொட்டை வாசனை. மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஒலிந்தா அடுப்பில் முட்டைக்கோஸ் சூப்பை வைத்துவிட்டுத் திரும்பினாள். கதவு தட்டுகிற சத்தம். வழக்கம்போலப் பாதி திறந்து, வழக்கமான கேள்விக்கு வாயெடுத்தாள். வாசலில் அபீலியோ நனைந்துபோய் நின்றான்.

"என்னடா இது, சொல்லாம கொள்ளாம!"

"சொன்னா நீ வீடு கழுவுவ, கோழி அடிப்ப. அதான்."

"எத்தனை நாள் இருப்ப?"

"சாயங்கால ரயிலுக்குப் போகணும்கா. போர்ட்டோவுல ஒரு வேலை. விடிஞ்சா விமானம்."

"நல்லா வந்தான் பாரு மகராசன்! வீட்ல ஒண்ணுமே இல்லையேடா. சூப்புதான் இருக்கு."

"சூப்பு போதும்."

இளைத்திருந்தான். இருமினான். "பிரான்ஸ்ல உனக்குச் சாப்பாடு போடறதில்லையா, இல்ல அந்தச் சிமெண்டையே திங்கறியா?" என்று திட்டினாள். "சிமெண்டுதான் அதிகம்" என்று சிரித்தான். சோள ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் நனைத்துக்கொண்டே இருந்தான், வாயில் போட்டது குறைவு. கேட்டிருக்கலாம். என்னடா உடம்புக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ. அவளோ கோழி இல்லாத வருத்தத்தில் இருந்தாள்.

தட்டை நகர்த்திவிட்டு அவன் சொன்னான், "அக்கா, என் வருஷத்துப் பாட்டில் ஒண்ணு திறயேன்."

"இப்பவா?"

"இப்பத்தான். ஆகஸ்டு இல்லியே. வெளிய பாரு, நல்ல குளிரு."

"நிறுத்தி வெக்காம எப்படிடா திறக்கறது? நேத்து ஒரு போன் போட்டிருந்தா எடுத்து நிறுத்தியிருப்பேன். ஒரே ஒரு போன். லியோன்ல போன் இல்லையா?"

"கலங்கலா இருந்தா என்ன? வயித்துக்குள்ள போய் எல்லாம் கலங்கத்தானே போகுது."

"நாப்பத்தெட்டு வருஷம்டா! கோடு பிசகாம வெச்சிருக்கேன். அப்பா தொட்டு வெச்சதுடா அது. அதைப் போய்க் குட்டைத் தண்ணி மாதிரிக் கலக்கிக் குடிக்கச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா?"

"மண்டியோட நான் குடிச்சுக்கறேன். நீ குடிக்கவேண்டாம்."

"முடியாது."

அவன் நிலவறைப் படியைப் பார்த்தான். பிறகு, "சரி, பார்க்கவாவது விடு" என்றான்.

இருவரும் விளக்கோடு நிலவறைக்கு இறங்கினார்கள். அபீலியோ தன் தட்டுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தான். மெல்ல ஒரு பாட்டில்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"அசைக்காதே!"

அடுப்பங்கரையில் வெல்லம் எடுத்து அகப்பட்ட பிள்ளை மாதிரி கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். நாற்பத்தெட்டு வயது ஆள். விரலில் ஒட்டின தூசியைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "ஒரு தொந்தரவும் இல்லாம எல்லாம் படுத்துக் கெடக்கு. அதுங்க பாடு தேவலை."

மேலே வந்து பீப்பாய் ஒயின் ஒரு கிளாஸ் கொடுத்தாள். நின்றபடியே குடித்தான். ரயிலடி வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் வண்டியைத் தவறவிடப் போகிறாய் என்று அவசரப்படுத்திக்கொண்டே போனாள்.

"கிறிஸ்துமஸுக்கு வா. ரெண்டு நாள் முந்தியே நிறுத்தி வெக்கறேன். இந்தத் தடவை ஏமாத்தக்கூடாது."

"சரிக்கா."

அபீலியோ எதற்கும் எதிர்வாதம் செய்யாமல் சரி சொல்கிறவன் இல்லை. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. வண்டி போனபிறகு, நல்லவேளை, பாட்டில் தப்பித்தது என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிற்பாடு அவள் தன்னைத்தானே அதிகம் சபித்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே போன் வந்தது. அவன் பெண்டாட்டி பேசினாள். நுரையீரல். கோடையிலேயே டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்களாம். அபீலியோ யாரிடமும் சொல்லவேண்டாம் என்றிருக்கிறான். அடக்கம் அங்கேயே, நாளைக் காலையில். ஒலிந்தா எந்த வண்டியில் ஏறினாலும் போய்ச் சேர முடியாது.

போனை வைத்தவள் அழவில்லை. நேரே நிலவறைக்கு இறங்கினாள். தம்பியின் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்து, சமையலறை அலமாரிமேல் நிறுத்தினாள். அதற்கப்புறந்தான் உட்கார்ந்து அழுதாள். செவெரினோ கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்தான். கிழவனுக்கும் அன்று கிண்டல் வரவில்லை.

கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. பாட்டிலை அவள் திறக்கவும் இல்லை, திரும்பப் படுக்க வைக்கவும் இல்லை. அடுத்த வருஷமும் அது அங்கேயே நின்றது. செவெரினோதான் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டான்.

"அது என்ன ஒலிந்தா, வாத்தியார் பெஞ்சு மேல ஏத்தி வெச்ச பையன் மாதிரி அலமாரி மேல நிக்குது?"

"யாராவது சொல்லாம வந்தா?"

"நின்னுக்கிட்டே இருந்தா தக்கை காஞ்சிடும், காத்து உள்ள போயிடும்னு நீதானே ஊருக்கெல்லாம் பாடம் எடுப்ப."

"தெரியும்யா."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுந்தான். போ, உன் கடையைப் பாரு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அவளுக்கே அது தெரியாததா? படுத்தே கிடக்கவேண்டிய ஒயினை நிறுத்தி வைப்பது அதைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொல்வதுதான். ஆனாலும் படுக்கவைக்கக் கை வரவில்லை. படுக்கவைத்த அன்றைக்கே யாராவது கதவைத் தட்டிவிட்டால்? மறுபடியும் அவள் "நேத்தே சொல்லியிருந்தா" என்று ஆரம்பிக்கவேண்டி வருமே. அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்ல அவள் நாக்குக்குத் தெம்பில்லை. இப்போதெல்லாம் யார் கதவைத் தட்டினாலும் முழுக்கத் திறந்தாள். போன் செத்துப்போச்சா என்று கேட்பதை விட்டுவிட்டாள். பழைய கேள்வி இல்லாமல் பாதிரியாருக்கே ஒரு மாதிரியாக இருந்ததாம்.

ஆறேழு வருஷம் இப்படிப் போயிற்று. ஓர் ஆகஸ்டில், கல்சுவரெல்லாம் அனல் கக்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில், கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. முழுக்கத் திறந்தாள். கையில் சின்னப் பையோடு ஒரு பெண் நின்றாள். அபீலியோவின் நெற்றி, அபீலியோவின் புருவம். அவன் போனபிறகு இந்தப் பக்கமே வராதிருந்த மகள் சாந்த்ரீன். வளர்ந்து ஆளாகியிருந்தாள்.

"அத்தை, சொல்லாம வந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க கோவிப்பீங்கன்னு அப்பா சொல்வாரு." பிரெஞ்சு பேசிப் பழகின நாக்கு, சொல்லுக்குச் சொல் தடுக்கி நடந்தது.

"யாருடி கோவிக்கறா? உள்ள வா கண்ணு, உள்ள வா!"

அவளைக் கட்டிப் பிடித்தாள், உட்காரவைத்தாள், எழுப்பினாள், மறுபடி உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யோவ் செவெரினோ, ஓடி வா, அபீலியோ மக வந்திருக்கா!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். பிறகு ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் இடுக்கியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"என்ன பண்றீங்க அத்தை?"

"உங்கப்பன் பாட்டிலைத் திறக்கப்போறேன். பாரு, தயாரா நிறுத்தி வெச்சிருக்கேன். எப்பவும் தயார். போன் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

பழைய தக்கைக்குத் திருகாணி போட்டால் பொடியாகிவிடும். அதனால் இடுக்கி சிவக்கக் காய்ந்ததும் பாட்டில் கழுத்தைக் கவ்விப் பிடித்து, பிறகு ஈரத்துணியால் ஒற்றவேண்டும். டக்கென்று கழுத்து தனியே வந்துவிடும். செவெரினோ பாட்டிலைப் பிடித்துக்கொள்ள, ஒலிந்தா அதைச் செய்தாள். செய்யும்போதே மெழுகு வெடித்திருந்ததையும், ஒயின் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கியிருந்ததையும் பார்த்தாள். இத்தனை நாள் பார்த்தும் பாராமல் இருந்தது அது. மெழுகுவத்தி பிடித்து, குடுவையில் ஊற்றினாள். ஒரு பொட்டு மண்டி இல்லை. அவ்வளவு தெளிவு. நிறம் மட்டும் ஆறிப்போன தேயிலைத் தண்ணீர். கிளாஸை மூக்கருகே கொண்டுபோகத் தேவையில்லாமலே காடி வாசனை அறையில் நின்றது.

செவெரினோ தலையைக் குனிந்துகொண்டான். சாந்த்ரீன் மரியாதைக்கு ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு தெரிந்தது.

"அப்பா சொன்னது வேற மாதிரி இருந்துச்சு" என்றாள் மெதுவாக.

"என்ன சொன்னான்?"

"கலங்கலா இருந்துச்சுன்னு. கடைசியா வந்தாரே, அப்ப நீங்க திட்டிக்கிட்டே திறந்தீங்களாம். முந்தின நாள் நிறுத்தி வெக்கலை, வடிகட்டலை, நேரா கிளாஸ்ல ஊத்துனீங்களாம். பல்லெல்லாம் மண்ணா ஒட்டிச்சாம். நீங்களும் அவரும் பல்லைக் காட்டிக்கிட்டுச் சிரிச்சீங்களாம். ஆஸ்பத்திரியில வர்ற நர்ஸ்கிட்ட எல்லாம் இதேதான் கதை. 'என் அக்கா யாருக்கும் திறக்கமாட்டா, எனக்காகத் திறந்தா' அப்படின்னு."

செவெரினோவுக்கு நடந்தது தெரியும். அவன் வாயைத் திறக்கப்போனான். ஒலிந்தா ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டான்.

"அன்னைக்கு போர்ட்டோவுல என்ன வேலைன்னு சொன்னானா?" என்று கேட்டாள்.

"வேலையா? ஒரு வேலையும் இல்லியே அத்தை. விமானத்துல போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் கேக்கலை. உங்களைப் பார்க்கணும், அந்த ஒயினைக் குடிக்கணும், அவ்வளவுதான்னு வந்தாரு." பெண்ணுக்குக் கூச்சமாகிவிட்டது. "நானும் அதே கலங்கலை ஒரு வாய் குடிச்சுப் பார்க்கலாம்னுதான் வந்தேன். இது கெட்டுப்போயிருந்தா பரவாயில்ல அத்தை."

முன்பு ஒரு தரம் திருவிழாவுக்குப் போகிறேன் என்று பொய் சொன்னவன். அந்தப் பொய்யை ஒலிந்தா முப்பது வருஷம் மன்னிக்கவில்லை. இந்தப் பொய்க்கு அவள் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பாள்? அவள் மறுத்த ஒன்றைக் கொடுத்ததாகச் சொல்லி, அவளைப் பெரியவளாக்கிவிட்டுப் போயிருக்கிறான். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திராது.

எழுந்தாள். விளக்குகூட எடுக்காமல் நிலவறைக்கு இறங்கினாள். தட்டிலிருந்து கைக்கு அகப்பட்ட பாட்டிலை உருவி, விறகுக்கட்டையை இடுக்குவது போல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே ஏறிவந்தாள். வெள்ளைக் கோடு அவள் கறுப்புச் சட்டையில் தேய்ந்து ஒட்டியிருந்தது.

"ஒலிந்தா, மெதுவா, மெதுவா! கலங்கிடப்போகுது" என்றான் செவெரினோ, தன்னை அறியாமல்.

"கலங்கட்டும்யா."

இடுக்கியை மறுபடி காய்ச்சினாள். கழுத்து டக்கென்று கழன்றது. மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள், குடுவையை ஒதுக்கித் தள்ளினாள், மூன்று கிளாஸிலும் நேராக ஊற்றினாள். ஆற்றில் புதுவெள்ளம் வந்தாற்போல் கறுப்பும் சிவப்புமாகச் சுழன்றது. அந்தச் சமையலறையில் மண்டி விழுந்த கிளாஸ் மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

சாந்த்ரீன் கிளாஸைத் தூக்கிப் பார்த்தாள். "இப்படித்தான் இருந்துச்சா அத்தை?"

"இப்படியேதான் இருந்துச்சு" என்றாள் ஒலிந்தா.

குடித்தார்கள். மண்டி நாக்கில் நறநறத்தது, பல்லில் ஒட்டியது. மண்டிக்கு அடியில் அந்த வருஷம் இருந்தது. அத்திப்பழமும் வெயில் காய்ந்த கல்லும் லேசான மிளகுக் காரமும், வெளியே நெருப்பாய் எரிகிற ஆகஸ்டையும் தாண்டி, தொண்டை வழியாக இறங்கி நெஞ்சில் நின்றன. ஒன்றும் கெடவில்லை. மண்டி வெறும் மண்டிதான். துப்பினால் போயிற்று.

சாந்த்ரீன் கறுத்துப்போன பல்லைக் காட்டிச் சிரித்தாள். அப்படியே அவள் அப்பன். ஒலிந்தாவும் பல்லைக் காட்டினாள். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது, பாதியில் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டு, இன்னொரு வாய் குடித்தாள்.

"நல்லாத்தான்டா இருக்கு" என்றாள்.